நாற்பத்தொரு புள்ளிகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து, 'சாப்பாட்டுக்கு முன்னால் இல்லை, பின்னால்' என்று நாள் முழுக்கச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆனால் போன மாதம் என் வீட்டுக்காரருக்கு நடந்த பாராட்டு விழாவில் எனக்கு வந்தது கோபம் இல்லை. அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் பொது சுகாதார ஆராய்ச்சியாளர். எந்தப் பகுதியில் யார் எதனால் சாகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, காரணம் கண்டுபிடித்து எழுதுகிற வேலை. "எண்ணத் தெரிஞ்சதுக்கா அண்ணா உனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க?" என்று என் நாத்தனார் அவர் முகத்துக்கு நேராகவே கேட்பாள். அவர் சிரிப்பார். தங்கச்சி என்றால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். நான் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்.

காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, கம்ப்யூட்டரைத் திறந்து சைட்டேஷன் பார்ப்பார். அதாவது மேற்கோள். இவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக் காட்டினால் ஒன்று. அப்படி எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்பதுதான் இவர்கள் உலகத்தில் ஒரு ஆளின் மதிப்பு. வேலை உயர்வு, ஆராய்ச்சிப் பணம், மரியாதை எல்லாம் அதை வைத்துத்தான். நூற்றுச் சொச்சம் கட்டுரை எழுதியிருக்கிறார். பாதி ஈ ஓட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் சுமாராகப் பிழைக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் ராஜா மாதிரி. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்த குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. மூவாயிரம் பேருக்கு மேல் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரை வெளிவருவதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் எங்கள் மகள் எங்கள் வீட்டுத் தொட்டியில் விழுந்து செத்துப்போனாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சொல்லவே மாட்டேன். அப்போது நாங்கள் நிறுவனத்தின் குடியிருப்பில், தண்ணீர் டாங்குக்குப் பின்னால், இரண்டாம் வரிசையின் கடைசி வீட்டில் இருந்தோம். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அதனால் எல்லாக் குளியலறையிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி. அந்தத் தொட்டிகளில்தான் அந்தப் பகுதிக் குழந்தைகள் விழுந்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் இவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி தொடங்கிய முதல் வாரமே எங்கள் தொட்டிக்குத் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையில் மூடி செய்து போட்டார். அந்த வரிசையிலேயே மூடி இருந்த தொட்டி எங்களுடையது மட்டும்தான்.

மகளுக்கு இரண்டு வயது முடியவில்லை. தலைமுடி எப்படி வாரினாலும் உச்சியில் ஒரு கொத்து எழுந்து நிற்கும், அதனால் சிண்டு என்று கூப்பிடுவோம். நடையெல்லாம் கிடையாது அவளுக்கு, ஓட்டம்தான். அன்றைக்கு மத்தியானம் அவளைத் தூங்க வைத்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. துணி எடுக்க மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி கொடிக்கயிறு அறுந்துவிட்டது என்று புலம்பினாள், நான்கு வார்த்தை பேசினேன். கீழே ஜீப் வந்து நின்றதும், பிறகு ஹாரன் அடித்ததும், கிளம்பிப் போனதும் காதில் விழுந்தது. இவர் மறந்துவிட்ட காகிதக் கட்டு எதையோ எடுக்க வந்து போகிறார் என்று புரிந்தது. நான் துணிக்கூடையோடு இறங்கி வந்தபோது பிள்ளை படுக்கையில் இல்லை.

அவளைத் தூக்கி வெளியே போட்டபோது ஒன்றைப் பார்த்தேன். மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் தண்ணீர் மொள்ளும்போது மூடியைப் பாதி நகர்த்துவேனே தவிர கீழே இறக்க மாட்டேன், அத்தனை கனம். சுவரில் சாய்ப்பது அவர் ஒருத்தர்தான். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் கை கழுவுவது அவர்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். மூச்சு விடுவது மாதிரி. கழுவினோமா இல்லையா என்று அவருக்கே நினைவிருக்காது. நினைவில்லை என்பது அன்று சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆளிடம் போய் என்னவென்று சொல்வது? முதலில் எனக்குக் குரல் வரவில்லை. பிறகு அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், அப்போது சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. மூடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

கட்டுரை வந்தபோது அந்த இதழைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். என்னால் திறக்க முடியவில்லை. அட்டையைத் துடைத்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். நாற்பத்தொரு குழந்தைகள் என்று மட்டும் அவர் சொல்லிக் கேட்டிருந்தேன். நாற்பது பேர் மற்றவர்களுடைய பிள்ளைகள், கடைசி ஒன்று என் சிண்டு என்று நானே வைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததில் தப்பென்ன? அந்தப் பகுதியில் ஒரு சாவைக்கூட விடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நாய் கடிக்க வந்தது என்று ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்த பையனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு வேலையை விட்டே அனுப்பியவர்.

அதற்கப்புறம் என் பிழைப்பு அந்த எண்ணிக்கையில்தான் ஓடியது. சாப்பிடும்போது அவர், "இந்த மாசம் இன்னும் இருபது பேர் எடுத்துக் காட்டியிருக்காங்க" என்பார். புகழுக்கு அலைகிறார் என்று நாத்தனார் கிண்டலடிப்பாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத இருபது பேர் என் பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். உறவுக்காரர்கள் அவள் பேச்சை எடுப்பதை என்றைக்கோ விட்டுவிட்டார்கள். அவளுக்குப் பிறகு எங்களுக்குக் குழந்தையும் இல்லை. கேள்விப்பட்டே இராத நாட்டில் ஒருவன் உட்கார்ந்து நாற்பத்தொன்று என்று தட்டச்சு செய்கிறான், அதில் என் பிள்ளை ஒரு பங்கு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பைத்தியம்தான் என்னைக் கவுண்டரில் நிமிர்ந்து உட்கார வைத்தது.

இனி விழாவுக்கு வருகிறேன். அவர் ஓய்வு பெறுவதற்காக நிறுவனம் நடத்தியது. பெரிய பரிசு ஒன்றுக்கும் அவர் பேரை அனுப்பியிருந்தார்கள், அந்தச் சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. முதல் வரிசையில் நானும் நாத்தனாரும். மேடையில் நிறுவனத் தலைவர். ஒரு காலத்தில் இவரிடம் மாணவனாக எங்கள் வீட்டுக்கு வந்து, பேசிக்கொண்டே ஒரு டப்பா பிஸ்கட்டைக் காலி செய்கிற பிள்ளை. இப்போது கழுத்தில் டை. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எத்தனை நாடுகளில் இவர் சொன்னதைக் கேட்டு வீட்டுத் தொட்டிகளுக்கு மூடி கொடுத்தார்கள் என்று வாசித்துக்கொண்டே போனார். "மூடி இருந்த வீட்டில் ஒரு மரணம்கூட இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் உலகமே எடுத்துக் காட்டுகிறது" என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த வாக்கியம் எங்கேயோ இடித்தது. எங்கள் வீட்டில் மூடி இருந்ததே.

அப்போது திரையில் வரைபடம் வந்தது. கால்வாய், ரயில் பாதை, தெருக்கள். குழந்தை இறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. தண்ணீர் டாங்கு ஒரு வட்டமாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு, நான்கு கோடுகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் கோட்டைப் பார்த்தேன். கடைசி வரைக்கும் போனேன். ஒன்றும் இல்லை. கோடு வேறாக இருக்குமோ என்று நான்கையும் பார்த்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீட்டில் புள்ளி இருந்தது. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். நாத்தனாரின் கையைப் பிடித்து, நம்ம வீடு எங்கே இருக்குன்னு பாரு என்றேன். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். அதற்குள் படம் மாறிவிட்டது.

என் வீட்டுக்காரர் பேச எழுந்தார். தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு, "அந்த நாற்பத்தொரு தாய்மார்களுக்கு நன்றி. எந்த மனுஷனும் கேட்கக்கூடாத கேள்வியை நான் அவர்களிடம் கேட்டேன். அவர்கள் பதில் சொன்னார்கள்" என்றார். குரல் உடைந்தது. மண்டபம் எழுந்து நின்றது. நான் எழவில்லை. என்னிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, நாற்பத்தொரு பேரில் நான் இல்லை என்பது அப்போது எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் களைப்பில் படுத்துவிட்டார். நான் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியில் இருந்து அந்த இதழை எடுத்தேன். மருந்துச் சீட்டையே படித்துத் தேய்ந்த கண் எனக்கு, ஒரு வரி விடாமல் படித்தேன். எப்படிக் கணக்கெடுத்தோம் என்று சொல்கிற பகுதியில், நடுவில் ஒரு வரி இருந்தது. 'ஆய்வில் பணிபுரிந்தவர்களின் வீடுகள் சேர்க்கப்படவில்லை.' ஆய்வில் பணிபுரிந்தவர்களில் அந்தப் பகுதிக்குள் குடியிருந்தது நாங்கள் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் வெளியிலிருந்து பஸ்ஸில் வந்து போனவர்கள். ஒரே ஒரு வீட்டை வெளியே தள்ளுவதற்காக எழுதிய வரி அது.

மறுநாள் சாயங்காலம் அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நம்ம பிள்ளை ஏன் அதுல இல்ல?"

எதில் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு தோலை உரித்த பிறகு, வேலை பார்த்தவர்கள் வீட்டைச் சேர்ப்பதில்லை, அது ஒரு விதி என்றார். எப்போது போட்ட விதி என்று கேட்டேன். அவர் அடுத்த பட்டாணியை எடுத்தார். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தால் எனக்குப் பொறுக்காது. வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். பத்து மாசம் சுமந்தவளைக் கேட்காமல் என் பிள்ளையை அழிக்க நீங்கள் யார் என்றேன். ஊரான் பிள்ளைக்கெல்லாம் புள்ளி வைத்த கைக்கு நம் பிள்ளைக்கு வைக்க வரவில்லையா என்றேன். அப்புறம், சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவை நீங்கள் எண்ணிக்கையைச் சொல்லும்போதும் சிண்டுவைத்தான் யாரோ நினைத்துக்கொண்டார்கள் என்று இத்தனை வருஷமும் நம்பினேன் என்றேன்.

அவர் பட்டாணியைக் கீழே வைத்தார். அந்த விஷயம் அவருக்குத் தெரியாது. தான் சாப்பாட்டு நேரத்தில் பெருமை பேசுகிறோம், இவள் பொறுமையாகக் கேட்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தவர். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

சேர்க்கச் சொல்லுங்கள் என்றேன். திருத்தம் எழுதி அனுப்பினால் அந்த இதழில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், இவரே மற்றவர்களை அனுப்ப வைத்திருக்கிறார். அவர் மெல்ல விளக்கினார். சேர்த்தால் நாற்பத்தொன்று நாற்பத்திரண்டு ஆவது பெரிய விஷயம் இல்லை. மூடி இருந்த வீட்டில் ஒரு மரணம்கூட இல்லை என்பது போய், ஒன்று என்று ஆகிவிடும். மூவாயிரம் பேர் எடுத்துக் காட்டியது அந்த இல்லை என்ற சொல்லைத்தான். ஆகட்டுமே, மூடி இருந்தால் மட்டும் போதாது, மூடியிருக்க வேண்டும் என்று நாலு பேர் தெரிந்துகொள்ளட்டுமே என்றேன். பரிசு போய்விடும் என்று பயமா என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

"பரிசு கெடக்கட்டும்மா" என்றார். "சேக்கணும்னா எல்லாரையும் கேட்ட மாதிரி உன்னையும் கேக்கணும். கடைசியா யாரு தண்ணி எடுத்தாங்கன்னு. அந்தக் கேள்வியக் கேட்டதும் ஒவ்வொரு அம்மாவும் எப்படி நொறுங்கிப் போனான்னு நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். உன்கிட்ட வந்து என்னால எப்படிக் கேக்க முடியும்?"

என்னைக் கேட்கக் கூடாது என்பதற்காகப் பிள்ளையை வெளியே வைத்திருக்கிறார். என் மேல் இவ்வளவு வைத்திருக்கிற மனுஷனிடம் இருபது நிமிஷமாகக் குதறிக்கொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெத்த வயிறு கேட்கவில்லை.

"இப்பக் கேளுங்க" என்றேன்.

மாட்டேன் என்று தலையாட்டினார். கேட்கத்தான் வேண்டும் என்றேன். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவும் தாளும் எடுத்து வந்தார். கேள்விகளைப் பார்க்க அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை, எல்லாம் மனப்பாடம். நாற்காலியை எனக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். எதிரில் உட்காரக் கூடாது, விசாரணை மாதிரி இருக்கும் என்று தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். பேச ஆரம்பித்தபோது அது வீட்டில் பேசுகிற குரலாகவே இல்லை.

"குழந்தைக்கு என்ன வயசும்மா? அவசரமே இல்ல, மெதுவாச் சொல்லுங்க."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை நீங்க என்று சொன்னது அன்றைக்குத்தான். சிரிப்பு வந்தது. வயதைச் சொன்னேன். பெண் குழந்தை என்றேன். அவர் கேட்காமலே சிண்டு என்றும் சொன்னேன். தொட்டியின் உயரம், தண்ணீர் எவ்வளவு இருந்தது, குழந்தை கடைசியாக எங்கே இருந்தது, நான் எங்கே இருந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மூடி இருந்ததா என்றார். இருந்தது என்றேன்.

"அந்தத் தண்ணிய கடைசியா எடுத்தது யாரும்மா?"

பேனா தாளின் மேல் நின்றது. எனக்கு எதிரே மூன்று பதில்கள் இருந்தன. தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத தாளை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார், எத்தனையோ தாள்களை அப்படி ஒதுக்கியிருக்கிறார். சிண்டு மறுபடியும் வெளியே நிற்பாள். உண்மையைச் சொல்லலாம். நாடு நாடாகப் போய் மூடுங்கள், மூடுங்கள் என்று கத்திய மனுஷன், தன் கையால் திறந்து வைத்த தொட்டியில் தன் பிள்ளை போனாள் என்று தெரிந்தால் நாளைக்கு எழுந்து நடமாட மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். ஓட்டை இல்லாத கணக்கு வேண்டும் என்று கேட்டவள் நான்தான். கணக்கு நாசமாய்ப் போகட்டும்.

"நான்தான்" என்றேன்.

அவர் எழுதவில்லை. பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"தெரியும்மா. எனக்கு அன்னிக்கே தெரியும். அதனாலதான் உன்னை ஒரு நாளும் கேக்கல. உன்மேல எனக்குக் கோபமே கெடையாதும்மா, ஒரு நாள்கூட இருந்ததில்ல."

இத்தனை வருஷமும், சாப்பாடு போடும்போதும் சண்டை போடும்போதும் ஒரே கட்டிலில் தூங்கும்போதும், நான்தான் பிள்ளையைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு, மன்னித்துக்கொண்டு, இந்த மனுஷன் என்னோடு வாழ்ந்திருக்கிறார். நீங்கள்தான் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகம் அத்தனை லேசாக இருந்து நான் பார்த்ததே இல்லை, சிண்டு போன பிறகு பார்த்ததே இல்லை.

கையை விடுவித்து, பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"எழுதிக்குங்க" என்றேன். அவர் எழுதினார்.